எத்தனை வரி எழுதினால் சரக்கு விற்கும்?

எஸ்எம்எஸ், வாட்ஸ்அப், ரீல்ஸ், மின்னஞ்சல்... சிறு வியாபாரிகளுக்கு ஒரு நீளக் கணக்கு

'அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு எங்கள் இனிய தீபாவளி நல்வாழ்த்துகள்'

தீபாவளிக்கு முந்தைய வாரம் தமிழ்நாட்டில் போன் வைத்திருக்கும் யாரும் இந்த வரியிலிருந்து தப்ப முடியாது. நகைக்கடை, ஜவுளிக்கடை, பல் டாக்டர், டூ வீலர் ஒர்க் ஷாப் என்று எல்லோரும் அனுப்புகிறார்கள். மரியாதையான வரிதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், இதை எஸ்எம்எஸ்ஸாக அனுப்புகிற கடைக்காரருக்கு ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். தமிழில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 குறிகள்தான் இடம். இந்த வாழ்த்து மட்டுமே, நடுவில் விடும் இடைவெளிகளையும் சேர்த்து, 66 குறிகளைத் தின்றுவிடுகிறது. மிச்சம் நான்கு. அந்த நான்கில் தள்ளுபடியைச் சொல்வாரா, கடைப் பெயரைச் சொல்வாரா?

ஆங்கிலத்தில் எழுதினால் 160 எழுத்து வரை போகலாம். தமிழுக்கு ஏன் பாதிகூட இல்லை? 1992 டிசம்பர் 3 அன்று பிரிட்டனில் 'மெர்ரி கிறிஸ்துமஸ்' என்று முதல் எஸ்எம்எஸ் போனபோதே அளவு தீர்மானமாகிவிட்டது. ஒரு எஸ்எம்எஸ்ஸின் கொள்ளளவு 140 பைட். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றையும் 7 பிட்டுக்குள் அடக்கலாம் என்பதால் 160 எழுத்துகள் கொள்ளும். தமிழுக்கு ஒவ்வொரு குறிக்கும் 16 பிட் வேண்டும், ஆகவே 70. அதிலும் நாம் ஒரே எழுத்தாக நினைப்பதை கணினி இரண்டாக எண்ணுகிறது. 'மு' என்றால் மகரம் ஒன்று, உகரக் கொக்கி ஒன்று. 'க்' என்றால் ககரம் ஒன்று, புள்ளி ஒன்று. 'தீபாவளி' நமக்கு நாலு எழுத்து. செல்போன் கம்பெனிக்கு ஏழு.

70-ஐத் தாண்டினால் செய்தி போகாமல் இருக்காது. துண்டு துண்டாக உடைந்து போய், வாடிக்கையாளர் போனில் மறுபடி ஒட்டிக்கொள்ளும். ஒட்டுவதற்கான தகவலுக்கும் இடம் வேண்டும் என்பதால் அப்போது துண்டுக்கு 67 குறிதான். பில் மட்டும் துண்டுக் கணக்கில் வரும். வாழ்த்தில் ஆரம்பித்து, தள்ளுபடியை விளக்கி, மூன்று கிளைகளின் முகவரியோடு முடித்தால் மூன்று துண்டாவது ஆகும். 5,000 வாடிக்கையாளர்களுக்கு அனுப்புகிறவர் 15,000 எஸ்எம்எஸ்ஸுக்குப் பணம் கட்டுவார்.

ஆங்கிலத்தில் அனுப்பினால் தப்பித்துக்கொள்ளலாமே என்பீர்கள். அங்கும் ஒரு பள்ளம் இருக்கிறது. '₹' அடையாளம் எஸ்எம்எஸ்ஸின் பழைய ஆங்கில எழுத்துப் பட்டியலில் கிடையாது. 150 எழுத்துள்ள ஆங்கிலச் செய்தியில் விலைக்கு முன்னால் அந்த ஒரு அடையாளத்தைப் போட்டால் செய்தி முழுவதும் 16 பிட்டுக்கு மாறி, ஒரு எஸ்எம்எஸ் மூன்றாகிவிடும். கைகூப்பும் எமோஜிக்கும் இதே கதி. பழைய மாதிரி ஆங்கிலத்தில் 'ஆர்எஸ்' என்று இரண்டெழுத்து போட்டால் காசு மிச்சம்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த விதிகளின்படி, வியாபார எஸ்எம்எஸ்ஸின் வாசகத்தை முன்கூட்டியே பதிவுசெய்து ஒப்புதல் வாங்க வேண்டும். எனவே நீளத்தில் செய்த தப்பை மறுநாள் சட்டென்று திருத்தவும் முடியாது. புது வாசகத்துக்கு ஒப்புதல் வரும் வரை அதே தப்புக்குக் காசு கட்ட வேண்டியதுதான்.

70-க்குள் ஒரு கடை

சரி, 70-க்குள் எதைத்தான் சொல்ல முடியும்? மரச்செக்கு வைத்திருக்கும் ஒருவருக்காக ஒன்று எழுதிப் பார்ப்போம்.

'செக்கு கடலை எண்ணெய் இன்று ஆட்டியது. லிட்டர் ரூ.280. வீட்டுக்கே வரும்.'

எண்ணிப் பாருங்கள், 69 குறி. என்ன பொருள், எவ்வளவு புதுசு, என்ன விலை, எப்படிக் கிடைக்கும் என்கிற நான்கும் வந்துவிட்டன. 'செக்குக் கடலை' என்று ஒற்று போட்டிருக்க வேண்டாமா என்று தமிழாசிரியர்கள் கேட்பார்கள். போட்டால் 71 ஆகி, இரண்டாவது எஸ்எம்எஸ்ஸுக்குக் காசு கேட்கும். சந்திப் பிழைக்கு இப்படி ஒரு பொருளாதாரக் காரணம் இருப்பதைப் புலவர்கள் மன்னிக்க வேண்டும்.

கடைப் பெயரும் போன் நம்பரும் சேர்ந்தால் எப்படியும் இரண்டு துண்டாகும். ஆகட்டும், இரண்டுக்குக் கட்டுவதில் தப்பில்லை. வாங்குகிறவருக்குப் பயன்படாத சொற்களுக்குக் கட்டுவதுதான் தண்டச் செலவு.

இந்தச் சிக்கனம் நமக்குப் புதிதல்ல. பத்திரிகைகளின் வரி விளம்பரங்களைப் பாருங்கள். 'கிழக்கு பார்த்த வீடு, 2 பெட்ரூம், நல்ல தண்ணீர், ஸ்டேஷன் நடக்கும் தூரம், தரகர் வேண்டாம்.' வெட்டிச் சொல் தேடினாலும் கிடைக்காது, ஆனால் புரியாதவர் யாருமில்லை. தந்தி இருந்த காலத்தில் சொல்லுக்குச் சொல் காசு. 2013 ஜூலையில் அந்த சேவை மூடப்படும் வரை தீபாவளி வாழ்த்துக்கு ஒரு எண், கல்யாண வாழ்த்துக்கு ஒரு எண் என்று பட்டியலே இருந்தது. எண்ணைச் சொன்னால் முழு வாழ்த்தும் போய்ச் சேரும். எழுதுவது இலவசமான பிறகுதான் நம் கை நீண்டுவிட்டது.

இது யாருடைய கணக்கு?

டிஜிட்டல் மார்க்கெட்டிங் பயிற்சி வகுப்பு எங்கு நடந்தாலும் ஒரு ஸ்லைடு கட்டாயம் வரும். ஃபேஸ்புக்குக்கு இத்தனை எழுத்து, இன்ஸ்டாகிராமுக்கு இத்தனை, மின்னஞ்சலுக்கு இத்தனை சொல் என்று ஒரு பட்டியல் போடுவார்கள். எதிரில் உட்கார்ந்திருக்கும் ஊறுகாய் வியாபாரியும் பொட்டிக் நடத்துகிற பெண்ணும் அதை போனில் படம் எடுத்துக்கொள்வார்கள்.

அந்த எண்கள் பொய் என்று சொல்ல வரவில்லை. அவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் அளந்து எடுத்தவை, அவ்வளவுதான். உதாரணத்துக்கு, பூமராங் என்கிற மின்னஞ்சல் கருவி நிறுவனம் 2016-ல் 4 கோடிக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்களை அலசியது. 50 முதல் 125 சொற்களுக்குள் இருந்த கடிதங்களுக்கே அதிகம் பதில் வந்தது என்று சொன்னது. உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படும் கணக்கு இது. ஆனால், ஆங்கிலம் தனித்தனிச் சொல்லாக அடுக்குவதைத் தமிழ் வேற்றுமை உருபையும் துணைவினையையும் ஒட்டி ஒரே சொல்லாக்கிவிடும். ஆங்கிலத்தின் 125 சொல்லும் தமிழின் 125 சொல்லும் ஒரே சுமை இல்லை. போதாததற்கு, அவர்கள் அளந்தது பதில் கேட்டு எழுதிய கடிதங்களை. நம் கடைக்காரர் அனுப்புவது ஆடித் தள்ளுபடி அறிவிப்பை.

மொழிக்கு மொழி நீளம் மாறும் என்பதை ட்விட்டரே ஒப்புக்கொண்டது. ஒரு ட்வீட்டுக்கு 140 எழுத்து என்ற பழைய வரம்பும் எஸ்எம்எஸ்ஸிலிருந்து வந்ததுதான். 160-ல் 20-ஐப் பெயருக்கு ஒதுக்கினார்கள். 2017-ல் கணக்கெடுத்தபோது, ஆங்கில ட்வீட்டுகளில் 9 சதவீதம் அந்த வரம்பில் போய் முட்டி நின்றன. ஜப்பானிய மொழியில் முட்டியவை 0.4 சதவீதம்தான். அந்த நவம்பரில் மற்ற மொழிகளுக்கு 280 ஆக்கி, ஜப்பானியம், சீனம், கொரிய மொழிகளுக்குப் பழைய அளவையே வைத்துக்கொண்டார்கள். தமிழுக்கு 280 கிடைத்தது. ஆனால் நம் தீபாவளி வாழ்த்தைப் பாருங்கள், ஆறு சொல்லுக்கு 66 குறி. அந்த விகிதத்தில் 280-க்குள் 25 சொல்தான் அடங்கும்.

அதே ட்விட்டர் கணக்கில் இன்னொரு சேதியும் உண்டு. இடத்தை இரட்டிப்பாக்கிய பிறகும் ஆங்கிலத்தில் 280 வரை போய் முட்டியவை 1 சதவீதம்தான். இடம் கொடுத்தார்கள் என்பதற்காக யாரும் அதை நிரப்பவில்லை. வியாபாரிகள் மட்டும்தான் நிரப்புகிறார்கள். ஃபேஸ்புக் ஒரு பதிவுக்கு 63,206 எழுத்து வரை அனுமதிக்கிறது. அதைப் படித்துவிட்டு யாராவது இட்லிப் பொடி வாங்குவார்களா?

பயிற்சி வகுப்பில் மொத்த நீளத்தைச் சொல்கிறார்கள். வாங்குகிறவர் மொத்தத்தைப் பார்ப்பதே இல்லை. அவர் பார்ப்பது வெட்டு விழும் இடம் வரைதான். இன்ஸ்டாகிராமில் 2,200 எழுத்து எழுதலாம், ஆனால் திரையில் ஒன்றிரண்டு வரி தெரிந்ததும் 'மேலும்' வந்து நின்றுவிடும். தமிழ் எழுத்துகள் அகலமானவை. 'ணூ', 'ஞை' எல்லாம் ஆங்கில 'ஐ' போல ஒல்லியாக நிற்பவை அல்ல. ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் முடிகிற இடத்தில் நமக்குப் பாதி வாக்கியம்தான் ஓடியிருக்கும். அந்தப் பாதியில் என்ன இருக்கிறது என்பதே கேள்வி.

'சிஸ்'களிடம் பாடம்

இந்தக் கேள்விக்கு எந்தப் பயிற்சியும் இல்லாமல் விடை கண்டுபிடித்தவர்கள், வீட்டிலிருந்தபடி வாட்ஸ்அப்பில் சேலை விற்கும் பெண்கள். சேலம் இளம்பிள்ளையிலோ ஈரோட்டிலோ சரக்கு எடுத்து, குரூப்பில் படம் போட்டு விற்பவர்கள். அவர்களுடைய ஒரு பதிவு இப்படித்தான் இருக்கும்:

'சாஃப்ட் சில்க், 6.3 மீட்டர் பிளவுஸோட, 850 + ஷிப்பிங். சிங்கிள் பீஸ் சிஸ். வேணும்னா ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்க.'

என்ன துணி, என்ன அளவு, என்ன விலை, எத்தனை இருக்கிறது, எப்படி வாங்குவது என்று ஐந்து விஷயமும் வந்துவிட்டன. வரிசையும் கவனிக்க வேண்டியது. பெண்கள் கேட்கும் வரிசையே அதுதான். முதலில் துணி, பிறகு பிளவுஸ் உண்டா, அப்புறம் விலை. 'சிங்கிள் பீஸ்' என்ற இரண்டு சொல், 'இருப்பு உள்ளவரை மட்டுமே, முந்துங்கள்' என்கிற பெரிய கடை வாசகம் செய்யாத வேலையைச் செய்கிறது. சேலை கிழிந்து வந்ததாகப் புகார் சொல்ல 'ஓப்பனிங் வீடியோ கட்டாயம்' என்ற நிபந்தனையை ஒவ்வொரு பதிவிலும் எழுதாமல் குரூப்பின் விவரக் குறிப்பில் ஒரே முறை போட்டுவிடுகிறார்கள். விளம்பர நிறுவனங்கள் இவர்களிடம் வந்து உட்கார்ந்து பாடம் கேட்கலாம்.

இதற்கு நேர் எதிர், இன்ஸ்டாகிராமில் 'பிரைஸ் டிஎம்' என்று எழுதும் பழக்கம். சுருக்கம்தான், ஆனால் தேவையான ஒன்றை மறைக்கும் சுருக்கம். விலை கேட்டு மெசேஜ் போட்டு, பதிலுக்குக் காத்திருக்கிற பொறுமை எத்தனை பேருக்கு இருக்கிறது? போட்டிக் கடைக்காரர் விலையைப் பார்த்துவிடுவார் என்பது காரணமாகச் சொல்லப்படுகிறது. அவருக்கு டிஎம் அனுப்பத் தெரியாதா என்ன?

வாட்ஸ்அப்பில் வெட்டு இன்னும் முன்னாலேயே விழுகிறது. செய்தியைத் திறப்பதற்கு முன்பே, போனின் மேல்பட்டையில் எட்டிப் பார்க்கும் ஓரிரு வரியை வைத்தே திறப்பதா வேண்டாமா என்று முடிவாகிவிடும். அந்த இடத்தில் 'வணக்கம், நாங்கள் கடந்த 25 ஆண்டுகளாக...' என்று ஆரம்பித்தால் ஆள் நகர்ந்துவிடுவார். வணக்கம் வேண்டாம் என்று சொல்லவில்லை. 'வணக்கம் அக்கா, நீங்க கேட்ட அதிரசம் ரெடி' என்று எழுதினால் அது வணக்கமுமாயிற்று, சேதியுமாயிற்று.

பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் செய்தி போய்ச் சேரும். இதை ஒரு குறையாகப் பார்க்காமல் வடிகட்டியாகப் பாருங்கள். எண்ணைப் பதிந்தவர் ஏற்கெனவே உங்களைத் தெரிந்தவர், அவருக்குக் கடை வரலாறு வேண்டாம். 2018 ஜனவரியில் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் கேட்டலாக் வசதியும் பிறகு சேர்ந்தது. அளவு, நிறம், கெட்டுப்போகாமல் இருக்கும் நாள் என்கிற விவரமெல்லாம் அங்கே போய்விட்டால் செய்தி தானாகச் சுருங்கிவிடும்.

சிலர் செய்தியைச் சுருக்கிவிட்டு, அத்தனையையும் ஒரே படத்துக்குள் திணிக்கிறார்கள். டிடிபி சென்டரில் நோட்டீஸ் அடித்த பழக்கம் விடவில்லை. சதுரப் படத்தில் முதலாளி போட்டோ, குலதெய்வம், நான்கு கிளை முகவரி, பதினெட்டுப் பொருள்களின் பெயர். போனில் விரித்து விரித்துப் பார்க்க வேண்டியிருக்கும். ஒரு படத்துக்கு ஒரு பொருளும் ஒரு விலையும் போதும்.

வாய்ஸ் மெசேஜ் பற்றி ஒரு வார்த்தை. தெரிந்த கடைக்கார அண்ணன் 'சார், நெத்திலி வந்திருக்கு, உங்களுக்கு ஒரு கிலோ எடுத்து வைக்கவா?' என்று பத்து வினாடி பேசி அனுப்பினால் அதற்கு இணை எதுவும் கிடையாது. தெரியாத கடையிலிருந்து ரெண்டு நிமிட ஆடியோ வந்தால், கேட்காமலே பிளாக் செய்துவிடுவார்கள்.

மூன்று நிமிடம் கொடுத்தால்...

வீடியோ கதை சுருக்கமானது. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடை செய்யப்பட்டது. பத்து நாளுக்குள் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்தது, செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் இங்கேதான் முதலில் தொடங்கியது. இரண்டுமே 15 வினாடியில் ஆரம்பித்து, படிப்படியாக நீண்டு, மூன்று நிமிடம் வரை வந்துவிட்டன. ஷார்ட்ஸ் 2024 அக்டோபரிலும் ரீல்ஸ் 2025 ஜனவரியிலும் அந்த அளவுக்கு வந்தன.

உடனே மூன்று நிமிட ரீல்ஸ் எடுக்கக் கிளம்பிவிடக் கூடாது. எத்தனை பேர் பார்க்க ஆரம்பித்தார்கள் என்பதோடு, எவ்வளவு நேரம் நின்று பார்த்தார்கள், எத்தனை பேர் இன்னொருவருக்கு அனுப்பினார்கள் என்பதையும் வைத்தே ஒரு வீடியோவை மேலே தள்ளுவதா என்று இன்ஸ்டாகிராம் முடிவெடுக்கிறது. அதன் தலைவர் ஆடம் மொசெரி இதைப் பகிரங்கமாகவே சொல்லியிருக்கிறார். ஆகவே லோகோ சுழன்று வர ஐந்து வினாடி, டிரோன் ஷாட்டில் கடை முகப்பு ஐந்து வினாடி என்று போனால், பரோட்டா கல்லில் விழுவதற்குள் பார்ப்பவர் அடுத்த ரீல்ஸுக்குப் போயிருப்பார். கல்லில் விழும் பரோட்டாவில் ஆரம்பியுங்கள். கடைப் பெயர் கடைசியில் வந்தாலும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கீழே எழுத்தில் ஊர்ப் பெயரையும் தெருவையும் போட்டிருந்தால்.

அந்த எழுத்து நீளமாக இருக்கலாமா? இருக்கலாம். ஊர், பொருள், கடை திறக்கும் நேரம், பார்க்கிங் உண்டா என்பதெல்லாம் தேடி வருகிறவருக்குப் பயன்படும். கூகுள் மேப்பில் கடையைப் பற்றி எழுத 750 எழுத்து இடம் தருகிறார்கள். அதைக் காலியாக விட்டுவிட்டு ரீல்ஸுக்குப் பத்தாயிரம் செலவு செய்கிற கடைகள் ஏராளம்.

நீளம் பலிக்கும் இடம்

இதுவரை படித்துவிட்டு 'எல்லாவற்றையும் சுருக்கு என்கிறார்' என்று முடிவு கட்டிவிட வேண்டாம். சுருக்கக் கூடாத சரக்கும் இருக்கிறது.

திண்டுக்கல் பூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கையால் செய்வது. ஆனால் ஹார்டுவேர் கடையில் அதன் பக்கத்திலேயே அலிகார் பூட்டு தொங்கும், மெஷினில் அடித்தது, விலை குறைவு. 'திண்டுக்கல் பூட்டு, தரமானது, வாங்குங்கள்' என்று ஒரு வரியில் எழுதினால் யார் கூடுதல் காசு கொடுப்பார்கள்? அங்கே வாங்குபவர் மனத்தில் ஒரு சந்தேகம் இருக்கிறது. இதற்கு ஏன் அதிக விலை? அதற்குப் பதில் சொல்ல நேரம் வேண்டும். உள்ளே இருக்கும் நெம்புத் தகடுகளை ஒவ்வொன்றாக அரம் போட்டு அந்தச் சாவிக்கென்றே இழைப்பதைக் காட்ட வேண்டும். மாங்காய்ப் பூட்டு ஒன்றைத் திறந்து வைத்து, சாவி சுற்றும்போது உள்ளே என்ன நகர்கிறது என்று காட்டினால் ஐந்து நிமிடம் என்ன, பத்து நிமிடமும் பார்ப்பார்கள். பூட்டுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசை எல்லோருக்கும் உண்டு.

காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்கும் இதே நியாயம். கட்டமும் கோடும் போட்ட கனமான பருத்திச் சேலை, அதற்கும் 2019-ல் புவிசார் குறியீடு. பவர்லூமில் அதே கட்டத்தை அடித்துக் குறைந்த விலைக்கு விற்கிறார்கள். எது கைத்தறிச் சேலை, எது பவர்லூம் என்று கண்டுபிடிக்கும் விதத்தை விவரமாக எழுதுகிற கடை, படிக்கிறவரைப் பாதி வாடிக்கையாளராக்கிவிடுகிறது.

கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கும் புவிசார் குறியீடு உண்டு, 2020-ல் கிடைத்தது. ஆனால் ஒரு பாக்கெட் கடலை மிட்டாய் வாங்க யாரும் யோசிப்பதில்லை. அங்கே ஒரு படமும் விலையும் போதும். வாங்கத் தயங்குகிற அளவுக்குத்தான் எழுத்து வேண்டும். பத்து ரூபாய்ப் பொருளுக்குத் தயக்கம் கிடையாது. பன்னிரண்டாயிரம் ரூபாய்ச் சேலைக்கு, பிள்ளைக்குக் கட்டும் டியூஷன் ஃபீஸுக்கு, மூட்டு வலிக்கு வாங்கும் எண்ணெய்க்கு நிறையத் தயக்கம் உண்டு. நிறையக் கேள்வி கேட்பார்கள். கடையில் நேரில் அவர்கள் என்னென்ன கேட்கிறார்களோ, அதைக் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் ஒரு நோட்டில் எழுதிவைத்தால் அதுதான் பதிவின் நீளம். எட்டுக் கேள்வி கேட்டால் எட்டுப் பத்தி.

திருப்பூர் மெயில்

தமிழ்நாட்டுச் சில்லறை வியாபாரத்தில் மின்னஞ்சலுக்கு இடம் குறைவு என்பதை மறைக்க வேண்டியதில்லை. நம் மக்களில் பலருக்கு மின்னஞ்சல் முகவரி, ஆண்ட்ராய்டு போனைத் திறப்பதற்காக எடுத்ததுதான். 2013-ல் ஜிமெயில் விளம்பரக் கடிதங்களுக்குத் தனி அறை கட்டிக் கொடுத்தபோதே பல கடிதங்கள் கண்ணில் படாமல் போயின. ஆனால் சிங்கப்பூரிலும் லண்டனிலும் இருக்கும் தமிழர்களுக்கு பலகாரமும் சேலையும் அனுப்புகிற கடைகளுக்கு மின்னஞ்சல் பயன்படும். மொத்த வியாபாரத்துக்கோ அது உயிர்நாடி. அதைப் பார்க்கத் திருப்பூருக்குத்தான் போக வேண்டும்.

பனியன் கம்பெனி மெர்ச்சண்டைசரின் நாள், மெயிலில் தொடங்கி மெயிலில் முடிகிறது. எதிர்முனையில் ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ இருக்கும் பையருக்கு ஒரு நாளைக்குப் பல சப்ளையர்களின் கடிதம் வரும். அனுபவப்பட்ட மெர்ச்சண்டைசர்கள் தலைப்பிலேயே ஆர்டர் நம்பர், ஸ்டைல் நம்பர், விஷயம் மூன்றையும் போட்டுவிடுவார்கள். ஃபிட் சேம்பிள் போயாயிற்று என்றால் கூரியர் நம்பர் முதல் வரியிலேயே இருக்கும். லேப் டிப் எனும் நிற மாதிரிக்கு ஒப்புதல் வேண்டுமென்றால் அதை மட்டும் கேட்பார்கள். நிறத்தையும் லேபிளையும் கப்பல் தேதியையும் ஒரே மெயிலில் கேட்டால், பையர் சுலபமானதற்கு மட்டும் பதில் போட்டுவிட்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுவார் என்பது அவர்கள் அடிபட்டுக் கற்ற பாடம். ஒரு மெயிலுக்கு ஒரு கேள்வி. இதைவிட நல்ல நீள விதியை எந்த வகுப்பிலும் சொல்லித் தர மாட்டார்கள்.

புதிதாக ஒரு பையரை அணுகும்போதுதான் சறுக்குகிறார்கள். தாத்தா காலத்தில் கம்பெனி தொடங்கிய வரலாறு, 20 எம்பி பிடிஎஃப் ஒன்று, தொழிற்சாலையைச் சுற்றி எடுத்த படங்கள். பையருக்கு வேண்டியது வேறு. என்ன துணி, அதன் கனம் எத்தனை ஜிஎஸ்எம், குறைந்தபட்ச ஆர்டர் எவ்வளவு, எத்தனை நாளில் தருவீர்கள், ஜிஓடிஎஸ், ஓகோ-டெக்ஸ் சான்றிதழ் உண்டா. பத்து வரியில் முடிகிற விஷயம். வரலாறு நன்றாகத்தான் இருக்கும், ஆர்டர் கொடுத்த பிறகு விருந்தில் சொல்லலாம்.

தமிழில் செய்திமடல் அனுப்புகிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. ஒரு கடிதம் 102 கேபியைத் தாண்டினால் ஜிமெயில் அதை வெட்டிவிட்டு, 'முழுவதையும் பார்க்க' என்று ஒரு இணைப்பை வைத்துவிடும். ஆங்கில எழுத்து ஒரு பைட் என்றால் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். வடிவமைப்புக் குறிகளையும் சேர்த்தால், நீளமான தமிழ்ச் செய்திமடல் ஆங்கிலத்தைவிட முன்னதாகவே அந்த வெட்டில் மாட்டும். அடியில் இருக்கும் 'இனி அனுப்ப வேண்டாம்' இணைப்பும் அதோடு மறைந்துவிடும். அதைத் தேடிக் கிடைக்காதவர் கோபத்தில் ஸ்பேம் பொத்தானை அழுத்துவார். 2024 பிப்ரவரியிலிருந்து, ஒரு நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு அந்த இணைப்பைக் கூகுள் கட்டாயமாக்கியிருக்கிறது. ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தை எட்டினால் உங்கள் கடிதங்கள் இன்பாக்ஸுக்கு வருவதே சந்தேகம்.

தலைப்பு வரியிலிருந்து போன் திரையில் நாலைந்து தமிழ்ச் சொல்தான் தெரியும். 'எங்கள் நிறுவனத்தின் மாதாந்திரச் செய்திமடல்' என்று எழுதி அந்த நாலையும் வீணாக்குகிறவர்கள் அதிகம். 'பொங்கலுக்கு வெல்லம் புக்கிங் ஆரம்பம்' என்று எழுதலாம். அதுவும் நாலு சொல்தான்.

அடிக்கடி அனுப்புவதைப் பற்றியும் கேட்பார்கள். இரண்டு வரிச் செய்தியாக இருந்தாலும் தினமும் மூன்று முறை வந்தால் அது நீளச் செய்திதான். புதுச் சரக்கு வந்தால், விலை மாறினால், கடை மூடியிருந்தால் அனுப்புங்கள். 'குட் மார்னிங்' பூங்கொத்துப் படத்தைச் சொந்தக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இந்த வாரம் அனுப்ப எழுதி வைத்திருக்கும் செய்தி ஒன்று உங்கள் போனில் இருக்கும். அதை முதலில் வீட்டில் இருக்கும் சின்னத் திரை போனுக்கு அனுப்பிப் பாருங்கள். திறக்காமலே பொருளும் விலையும் கண்ணில் பட்டால் வாடிக்கையாளருக்கு அனுப்புங்கள். படவில்லை என்றால் முதல் வாக்கியத்தை அடித்துவிட்டு, இரண்டாவதிலிருந்து ஆரம்பியுங்கள்.